கள்ளபார்ட்: குறிஞ்சிக் களவும் திரைக் களவும்

இணையத்தில் பலர் ஒருங்கே கூடி ஆடும் வேடப் புனைவு ஆட்டங்களில், ஆட வருபவர் முதலில் தமக்கென ஒரு பாத்திரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். இரும்புக் கவசம் பூண்ட போர்வீரன் இருப்பான். விரல் நுனியில் நெருப்பை வரவழைக்கும் மந்திரவாதி இருப்பான். காயம் ஆற்றும் பூசகன் இருப்பான். இவர்களுக்குச் சற்றுத் தள்ளி, மெல்லிய தோலாடையும் இரண்டு குறுவாளுமாக, நிழலோடு நிழலாக ஒருவன் நிற்பான். ஆங்கிலத்தில் அவனை 'ரோக்' என்கிறார்கள். நேர் நின்று பொருதால் தோற்பவன் அவன். உடல் வலிமை குறைவு, கவசமும் இல்லை. ஆயினும் அவனைத் தேடி எடுப்போர் தொகை குறைவதேயில்லை. போடி மலையடிவாரத்து ஊர்களிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் காரணம் கேட்டேன். "போர்வீரனை யார் வேண்டுமானாலும் ஆடலாம் ஐயா, இவனை ஆடுவதற்குத்தான் பொறுமை வேண்டும்" என்றார் ஒருவர். நல்ல விடை. ஆனால் பாதி விடைதான். பிறர் கண்ணில் படாமல் திரிவதில், கதவுக்கு அப்பால் நின்று கேட்பதில், பிறர் பொருளைக் கையாடுவதில், நல்ல பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை இன்பம்? கேள்வி கணினிக்கு மிகவும் முந்தியது. தமிழில் அதற்குப் பழைய வரலாறு உண்டு. எங்கள் ஏலமலைச் சரிவுக்கும் அதில் பங்குண்டு.

திரைக் கள்வனின் பிறப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசையாட்டமே இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய். அதன் முதற் பதிப்பில் மூன்றே வகைப் பாத்திரங்கள் இருந்தன: வீரன், மந்திரவாதி, பூசகன். கள்வன் இல்லை. அடுத்த ஆண்டு, 1975இல், 'கிரேஹாக்' என்ற துணைநூலின் வழியாகவே அவன் உள்ளே நுழைந்தான். பூட்டைத் திறத்தல், பொறியைக் கழற்றுதல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல், சுவரேறுதல், ஒட்டுக் கேட்டல் என்பன அவனுக்கு வகுக்கப்பட்ட திறன்கள். நெடுங்காலம் 'கள்வன்' என்றே வழங்கிய அவ்வகைக்கு 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் 'ரோக்' என்று பெயர் மாறிற்று. கள்வன் என்றால் தொழில். ரோக் என்றால் இயல்பு. திருடாத ரோக்கும் இருக்கலாம். 1999இன் 'எவர்குவெஸ்ட்', 2004இன் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற இணைய ஆட்டங்கள் அப்பெயரையே ஏற்றுக்கொண்டன.

இச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? போக்கிரி என்றால் முரடன் என்ற பொருள் முன்னே வந்து நிற்கிறது. கயவன் என்பது வசைச்சொல். எத்தன் ஓரளவு ஒத்து வருகிறான், ஆனால் அவன் வாயால் ஏய்ப்பவன், காலால் பதுங்குபவன் அல்லன். என் துணிபு, நம் நாடக மேடை ஏற்கெனவே இதற்கொரு சொல் தந்திருக்கிறது என்பதே. அது 'கள்ளபார்ட்'. பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று தூய தமிழன்பர்கள் கடிந்துகொள்ளக் கூடும். ஆனால் 'பார்ட்' என்ற அந்த ஒட்டில்தான் பொருளே இருக்கிறது. இவன் கள்ளன் அல்லன், கள்ளனாக வருபவன். இந்த வேறுபாட்டை இறுகப் பிடித்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

மேடைக்குப் போகுமுன் இலக்கணத்திற்குப் போவோம். பிறர் பொருளைக் கவர்வதற்கும், பிறர் அறியாமல் காதலிப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது: களவு. தொல்காப்பியத்தில் களவியல் என ஓர் இயலே உண்டு. இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை, 'களவு தீதன்றோ?' என்று வினாவை எழுப்பிக்கொண்டு விடை சொல்கிறது. வீட்டாரோடு சினந்த பெண்ணொருத்தி நஞ்சு கூட்டி வைத்துத் தனிமை பார்த்திருக்கிறாள். அருளுடையவன் ஒருவன் அதைக் கண்டு, அவள் அறியாமல் அந்த நஞ்சை எடுத்துப் போய்க் கொட்டிவிடுகிறான். அவன் செய்ததும் களவுதான். ஆயினும் ஓர் உயிர் பிழைத்தது. ஆகவே களவெல்லாம் தீதன்று என்கிறது உரை. நான் வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அறநூல் படிக்கும் மனநிலையிலிருந்து கதை கேட்கும் மனநிலைக்கு அவர்கள் மாறும் கணம் அது.

களவொழுக்கத்திற்கு உரிய நிலம் குறிஞ்சி. மலையும் மலை சார்ந்த இடமும். தலைவன் நள்ளிரவில் மலைவழி கடந்து தலைவியின் ஊருக்கு வருவதை இரவுக்குறி என்பார்கள். அந்த வரவுக்கு நேரும் இடையூறுகளை நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் எண்ணிச் சொல்கிறார். தாய் உறங்கமாட்டாள். நாய் உறங்காது. ஊரும் உறங்காது. காவலர் விரைந்து சுற்றி வருவர். திடீரென நிலவு வெளிப்படும். கூகை குழறும். கோழி கூவிவிடும். ஆக ஏழு. பதுங்கல் ஆட்டம் எதையேனும் ஆடிப் பார்த்தவர்கள் இந்தப் பட்டியலைக் கண்டு வியப்பார்கள். 1998இல் வெளிவந்த 'தீஃப்' என்னும் கணினி ஆட்டத்தில் ஆடுபவர் கருத்தில் வைக்க வேண்டியவை இரண்டே: ஒளி, ஓசை. எந்தத் தளத்தில் கால் வைத்தால் ஒலிக்கும், எந்த விளக்கை அணைத்தால் இருள் கூடும் என்று கணக்கிட்டே அதில் நகர வேண்டும். நம்பியின் ஏழும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நிலவு ஒளி, நாயும் கூகையும் கோழியும் ஓசை, தாயும் ஊரும் காவலரும் அவற்றுக்குச் செவியும் கண்ணும்.

முந்தல் அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டையூசி வளைவுகளில் ஏறும் சாலையில் இரவு வண்டியில் சென்றவர்களுக்கு அந்தக் குறிஞ்சி இருள் சற்றுப் பிடிபடும். நடந்தே போனவர்களுக்கு முழுதும் பிடிபட்டிருக்கும். யானைத்தடம், வழுக்குப்பாறை, காட்டாறு எனச் சங்கப் புலவர் தலைவனை அச்சுறுத்தும் பொருள்களெல்லாம் இச்சரிவில் இன்றும் உள்ளன. அத்தலைவன் வலியவன்தான், வேல் ஏந்தியவன்தான். ஆனால் களவில் அந்த வேல் பயன்படாது. தாயைக் குத்த முடியாது, நாயைக் குத்தினால் ஊர் விழித்துவிடும். அவனுக்கு வேண்டியது இடமும் காலமும் அறியும் அறிவு. வீரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அறிவை மட்டும் நம்பி நடக்க வேண்டிய நிலைக்கு ஒரு நாயகனைக் கொண்டுவந்து நிறுத்துவதே களவின் சுவை. திரையில் ஆடும் என் மாணவர் 'பொறுமை' என்றது இதையே.

பொருள் கவரும் களவையும் நம் முன்னோர் அருவருப்போடு மட்டும் எழுதவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவு மதுரையில் திரியும் கள்வரைக் காட்டும் இடம் குறிப்பிடத்தக்கது. பெண்யானையின் தோலை ஒத்த இருள்; அதனுள் கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள், காலில் செருப்பு, நிலத்தை அகழும் உளி, நீலக் கச்சை, இடையிற் சுற்றிய மெல்லிய நூலேணி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தப் பட்டியலை அப்படியே ஓர் ஆட்டத்தின் 'உடைமைகள்' பெட்டியில் இட்டுவிடலாம். அதனினும் சுவையானது அடுத்து வரும் காவலரின் சித்திரம். அவர்களும் உறங்காதவர்கள், நூல் தேர்ந்தவர்கள், கண் இமைக்குமுன் மறையும் கள்வரின் ஒடுக்கத்தை ஒற்றியறிபவர்கள். கள்வன் கற்ற அதே கலையைக் காவலனும் கற்றிருக்கிறான். இந்தக் குறிப்பு பின்னர் நமக்கு வேண்டும்.

வடமொழியில் சூத்ரகரின் மிருச்சகடிகத்தில் வரும் சர்விலகன், சுவரில் எந்த வடிவத்தில் கன்னம் வைப்பது என்று கலைஞனைப் போல ஆராய்ந்து, அளவுகோல் கொண்டுவர மறந்ததால் பூணூலால் அளந்துகொள்வான். அவனை ரசிக்காதவர் இல்லை.

ஆனால் தமிழில் இக்கலையின் உச்சம் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதைதான். களவுக்குத் துணை எட்டு என்று அங்கே எண்ணப்படுகிறது: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தொடர்ந்து ஒரு கதையும் வருகிறது. ஒரு கள்வன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் அமர்ந்தான். இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்தான். விளக்கின் நிழலில் நடந்துபோய், உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்த வயிர ஆரத்தைக் கவர்ந்தான். விழித்த இளவரசன் வாளை உருவ, கள்வன் அதன் உறையைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு வீச்சையும் உறைக்குள்ளேயே வாங்கிக்கொண்டான். மற்போருக்கு இளவரசன் நெருங்க, அருகிலிருந்த மணித்தூணைத் தான் எனக் காட்டிவிட்டு மறைந்தான். எந்தப் படத்திலும் எந்த ஆட்டத்திலும் இதைவிட நேர்த்தியான கள்ளபார்ட் காட்சியை நான் கண்டதில்லை.

இந்த அழகிய உரையை அங்கே பேசுகிறவன் யார்? பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் தான் திருடிவிட்டு, பழியைப் போட ஆள் தேடுகிறவன். யாரைச் சுட்டிப் பேசுகிறான்? சிலம்பு விற்க வந்த கோவலனை. காவலர்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைப்படத் தக்கவனாகத் தெரியவில்லையே என்று ஐயுறுகிறார்கள். அந்த ஐயத்தைக் கலைக்கத்தான் பொற்கொல்லன் எட்டுத் துணையையும் மணித்தூண் கதையையும் அவிழ்த்துவிடுகிறான். கள்ளபார்ட்டின் கவர்ச்சி முழுவதையும், வேடமே போடாத ஒருவன் மேல் போர்த்திவிடுகிறான். பிறகு கல்லாத குடிமகன் ஒருவன் வாள் வீசுகிறான். இளங்கோவடிகள் கள்வர் கலையைப் போற்றவும் அறிந்திருந்தார். அந்தப் போற்றுதல் எந்தக் கையில் என்ன ஆகும் என்றும் அறிந்திருந்தார். கோவலனை இங்கே நிறுத்தி வைப்போம். அவன் மனைவி நம் மலைக்கு வரவேண்டியிருக்கிறது.

நிற்க. மேடைக்கு வருவோம்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தமிழில் நொண்டி நாடகம் என்றொரு வகை செழித்தது. ஒற்றைக்கால் நாடகம் என்றும் சொல்வார்கள். மேடையில் ஒரே ஆள். ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டிச் சிந்தில் தன் கதையைத் தானே பாடி ஆடுவான். கதை பெரும்பாலும் ஒரே அச்சு. நல்ல குடியிற் பிறந்தேன், பரத்தையரால் பொருள் இழந்தேன், களவில் இறங்கினேன், குதிரை திருடப் போனேன், அகப்பட்டேன், கைகால் வெட்டப்பட்டேன், பெரியோர் ஒருவர் சொற்கேட்டு இறைவனை நாடினேன், இழந்த உறுப்பு மீண்டும் வளர்ந்தது. கந்தசாமிப் புலவரின் திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அருள்பவன் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் கீழக்கரை வள்ளலின் துணையால் நொண்டி மக்கா சென்று நலம் பெறுகிறான். கிறித்துவ மரபில் ஞான நொண்டி நாடகமும் உண்டு. மூன்று சமயத்தாரும் ஒரே கள்ளனை இரவல் வாங்கிக்கொண்டார்கள் என்பது தமிழ்ச் சமூகத்தைப் பற்றிச் சில நல்ல செய்திகளைச் சொல்கிறது.

'அவன் திருடினான்' என்று இந்நாடகம் சொல்வதில்லை. 'நான் திருடினேன்' என்கிறது. குதிரை லாயத்தை வேவு பார்த்ததும் காவலனை ஏய்த்ததும் தன்மை இடத்திலேயே பேசப்படுகின்றன. முடிவில் பக்தி வரும் என்று பார்வையாளருக்கு முன்பே தெரியும். ஆனால் பக்தி மட்டும் வேண்டுமென்றால் பதிகம் கேட்கப் போகலாமே? விடிய விடிய அவர்கள் கண்விழித்தது குதிரைத் திருட்டுக்காகவும்தான். கால் வெட்டுப்பட்டு, வருந்தி, மீண்டவன் என்ற காப்பு இருப்பதால், அவனோடு சேர்ந்து தாமும் இரண்டு நாழிகை திருடிப் பார்க்கப் பார்வையாளருக்கு உரிமை கிடைத்துவிடுகிறது. பிற்காலத்து ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகியோரோடு கள்ளபார்ட்டும் நிலையான இடம் பெற்றான். 'சதாரம்' நாடகத்தின் கள்ளன் வேடம் மாநில எல்லைகளைக் கடந்து புகழ் பெற்றது. கன்னட மேடையில் குப்பி வீரண்ணாவுக்குப் பெரும்பெயர் தந்தவற்றுள் அதுவும் ஒன்று. தமிழில் நடராஜன் என்ற நடிகர் அவ்வேடத்தாலேயே 'கள்ளபார்ட் நடராஜன்' ஆகித் திரைப்படத்திலும் அப்பெயரோடே அறியப்பட்டார்.

கோயிலும் பின்தங்கவில்லை. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்து எட்டாம் நாளில் வேடுபறி நடக்கிறது. திருமங்கையாழ்வார் தரப்பினர், குதிரை ஏறி வரும் பெருமாளை மறித்துக் கொள்ளையிடுவார்கள். பட்டர்களும் பக்தர்களும் ஓடுவதும் வருவதுமாக ஆட்டம் களைகட்டும். கொள்ளையடித்தவர் ஆழ்வார், கொள்ளை கொடுத்தவர் கடவுள், ஆண்டுதோறும் இருவருக்கும் இசைவு. மதுரையில் அழகர்மலைப் பெருமாள் சித்திரை விழாவுக்குக் கள்ளர் கோலத்தில், கண்டாங்கியும் கொண்டையும் வளைதடியுமாகப் புறப்படுகிறார். கோயிலுக்கும் அந்த வட்டாரத்துக் கள்ளர் மக்களுக்கும் இருந்த உறவை அறிய விரும்புவோர் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' நூலைப் படிக்க வேண்டும். எல்லாம் உடையவன் ஏன் கள்ளனாக வேண்டும்? எல்லாம் உடையவனுக்கு மறைந்து வாங்க ஒன்றுமில்லாத குறை இருந்திருக்கும் போலும் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

மேடை, கோயில், சிறுவர் ஆடும் ராஜா ராணி மந்திரி திருடன் சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று உண்டு. பறிகொடுப்பவனும் ஆட்டத்தில் இருக்கிறான். விடிந்தால் வேடம் கலைந்துவிடும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதை இணைய ஆட்டங்களின் வரலாறே காட்டுகிறது. 1997இல் தொடங்கிய 'அல்டிமா ஆன்லைன்' உலகில் களவும் ஒரு திறன். ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரரின் பையிலிருந்து பொருளை எடுக்கலாம். எடுத்தவருக்கு அது கள்ளபார்ட். ஆனால் வாரக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை இழந்தவருக்கு அது நாடகமாகப் படவில்லை. ஏராளமான முறையீடுகளுக்குப் பின், 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் பிறர் இசைவின்றித் தாக்கவும் திருடவும் இயலாது. பழைய பாதியில் பழைய வழக்கமே. 'ஈவ் ஆன்லைன்' வேறு வழியை மேற்கொண்டது. 2005இல் அதில் ஒரு குழுவினர் ஓராண்டு காலம் எதிரணிக்குள் நண்பர்களாகப் பழகி, நம்பிக்கை பெற்று, ஒரே நாளில் கிடங்குகளைத் துடைத்தெடுத்துத் தலைவியையும் வீழ்த்தினார்கள். விதிகளுக்கு உட்பட்டதே என்று நிறுவனம் விட்டுவிட்டது. தூதன் வேடத்தில் வாயிலில் அமர்ந்த சிலப்பதிகாரக் கள்வன் இவர்களைப் பார்த்துத் தலையசைத்திருப்பான். எனக்கோ, அந்த ஓராண்டு நட்பை உண்மை என்று நம்பிய எதிரணியினரின் நினைவே வருகிறது.

இனி மலைக்கு.

எங்கள் மலைச்சரிவில் 'கள்ளன்' என்ற சொல்லுக்குப் பொருள் வைத்தவர்கள் பெரும்பாலும் அரசர்களும் அவர்தம் கோடுகளும்தான். 1743இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மர் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். அதுவரை வணிகச் சரக்காக இருந்த ஒரு மூட்டை மிளகு, தலைச்சுமையாகக் கணவாய் கடந்து பாண்டிநாட்டுச் சந்தைக்கு வந்தால் அன்றிலிருந்து கள்ளச் சரக்கு. ஏலமும் அப்படியே. 1896 வரை ஏலமலையில் விளைந்த காயை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அரசு தந்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மலையேறி ஏலம் பயிரிட்டவர்களிற் பலர் கிழக்குச் சரிவின் அடியிலுள்ள கம்பம், போடிப் பகுதித் தமிழர்கள். தன் கையால் களை எடுத்து, தன் கையால் பறித்த காயை இரவில் தன் ஊருக்கே இறக்கிக்கொண்டு வந்தவன் களவு செய்தானா? சட்டப்படி ஆம். இறையனார் களவியல் உரைகாரரிடம் வழக்கு போயிருந்தால் தீர்ப்பு எப்படி இருந்திருக்குமோ!

அந்த இரவு நடையை நடந்தவர்களுக்கும் நம்பியின் ஏழு இடையூறுகள் இருந்தன. நிலவும் நாயும் சாவடிக் காவலும் அவர்களுக்கும் பகைதான். ஆனால் அவர்கள் ஆடவில்லை. பிடிபட்டால் போவது புள்ளிகள் அல்ல, ஓராண்டின் கஞ்சி. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அந்நாளில் தோட்டத்துக்கு இரவுக்காவல் போட்டவர்களும் ஆடவில்லை. கள்ளபார்ட்டை ரசிக்கும் நாம் இந்த வேறுபாட்டைத் தளரவிடக் கூடாது.

மதுரைக்காஞ்சிக் காவலரை நினைவு வைத்திருக்கச் சொன்னேன். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை, ஊர்க்காவல் பிறமலைக் கள்ளர் பலரின் தொழிலாக இருந்தது. களவின் கலையை அறிந்தவரே காவலுக்குத் தக்கவர் என்னும் பழைய முறை. காவலுக்குக் கூலி, களவு போன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி. இம்முறையில் கொடுமை இல்லாமலில்லை. காவல் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பெற்றதாகக் குடியானவர்கள் புகார் செய்ததும், 1896இல் அவர்கள் திரண்டெழுந்ததும் வரலாறு. ஆனால் ஆங்கில அரசு கண்ட மருந்து நோயைவிடக் கொடியது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் அனைவரையும் அது வளைத்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்தவனை அன்று, அந்தக் குலத்தில் பிறந்தவனைப் பதிவு செய்து விரல் பதிக்கும் சட்டம் அது. பதிவானவர் இரவில் காவலரின் கண்முன் படுக்க வேண்டும். வேற்றூர் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். ஏர் பிடித்தவனும் வண்டி ஓட்டியவனும், ஒருநாளும் பிறர் வேலியைத் தாண்டாதவனும் அப்பட்டியலில் இருந்தார்கள்.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை பதிக்க மறுத்தார்கள். காவலர் சுட்டனர். 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல். அதுவரை, முப்பது ஆண்டுக்கு மேலாக, கள்ளபார்ட் வேடம் ஒரு முழு மக்கள் கூட்டத்தின் முகத்தில் ஆணியால் அறையப்பட்டிருந்தது. விடிந்தாலும் கலையாத வேடம். மேடையில் நொண்டிக்கு முடிவில் கால் முளைத்துவிடும்; இவர்கள் வயலில் நின்று விதைத்தாலும் பதிவேட்டில் கள்ளர்தான். கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அந்தப் பெயரின் நிழலிலிருந்து உழவுக்குள் எப்படி நடந்துவந்தார்கள் என்பதை மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளிவந்த 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' என்னும் ஆங்கில நூலில் பரிவோடு எழுதியிருக்கிறார். 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், அந்த நடையில் அவர்களுக்குத் துணை நின்றது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலுள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அக்காலத்தின் ஒரு சொல் ஒட்டிக்கொண்டேயிருக்கிறது. அங்கு எழுத்துப் பயின்று பட்டம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். மாலையில் அவர்களும் கைப்பேசியைத் திறந்து, நிழலோடு நிற்பவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தை விருப்பத்தோடு எடுக்கவும், வேண்டாதபோது மூடி வைக்கவும் அவர்களுக்கு முடிகிறது. அவர்களின் பூட்டனுக்கு அது முடியவில்லை. ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் என் சக ஆசிரியர்களிடம் நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

கோவலனை மதுரைக் கொலைக்களத்தில் விட்டு வந்தோம். அவனைக் கள்வன் என்று சொன்ன ஊரை எரித்துவிட்டுக் கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்தாள் என்கிறது காப்பியம். போடிக்குத் தெற்கே, கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறை மலையுச்சியில், தமிழகமும் கேரளமும் தொடும் எல்லையில், மங்கலதேவி கோட்டம் இடிந்த கற்றளியாக நிற்கிறது. அவள் விண்ணேறிய இடம் அதுவே என்பது இங்குள்ளார் நம்பிக்கை. ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாநில வனத்துறையும் வழி திறக்கின்றன. பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் ஏறுகிறார்கள். பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும்.

அதே சித்திரைப் பௌர்ணமியில்தான் மதுரையில், கள்ளர் கோலம் பூண்டு மலையிலிருந்து புறப்பட்டு வந்த அழகர், தங்கக் குதிரை ஏறி வைகையில் இறங்குகிறார். போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆற்று நீரும் கடைசியில் அந்த வைகையில் போய்ச் சேர்வதுதான்.